தளமும் புவனமும்: பாத்திரமாட்டங்களிற் பிறவுலகப் படைப்பு

ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 1974ஆம் ஆண்டில் ஒரு புதுவகை ஆட்டம் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் அதனை ஆக்கினர். நிலவறைகளும் பறவைநாகங்களும் எனப் பொருள்படும் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். சதுரங்கத்திற்போலக் காய் நகர்த்தி எதிரியை வெல்லுதல் இதன் நோக்கமன்று. ஒருவர் கதை நடத்துநராய் அமர்ந்து ஓர் உலகத்தைச் சொல்லாற் படைத்துக் காட்ட, ஏனையோர் ஒவ்வொருவரும் அவ்வுலகத்து மாந்தருள் ஒருவராய்த் தம்மைப் பாவித்து, அம்மாந்தர் செய்வது இது, சொல்வது இது என உரைப்பர். ஐயம் நேர்ந்த இடத்துப் பகடை உருட்டி முடிவு காண்பர். கூத்தும் கதையும் சூதும் ஒருங்கு கூடிய இதனைப் பாத்திரமாட்டம் எனலாம். பொழுதுபோக்கென்று தள்ளிவிடுவார் தள்ளலாம். ஆயினும், பலர் கூடியிருந்து ஓர் உலகத்தைக் கட்டி அதனுள் ஒழுகிப் பார்க்கும் இம்முயற்சி கற்பனை இலக்கியத்தின் ஒரு கிளையே என்பதை மறுத்தல் அரிது.

இவ்வாட்டத்தின் உலகம் மண்ணுலகோடு அமையவில்லை. 1977 ஜூலையில் வெளியான 'த டிராகன்' என்னும் சஞ்சிகையின் 8ஆம் இதழிற் கைகாக்ஸ் பிறவுலகங்களின் அமைப்பைச் சுருக்கமாக வரைந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த ஆட்டக்காரர் கைந்நூலின் பிற்சேர்க்கை ஒன்றில் அவ்வமைப்பு உறுதிபெற்றது. நடுவே மாந்தர் வாழும் உலகம். அதனைச் சூழ்ந்து நிலம், நீர், தீ, வளி என்னும் பூதங்களின் உலகங்களும், ஆக்க ஆற்றல், அழிவாற்றல் என்பவற்றின் உலகங்களும். அப்பால் தெய்வங்களும் பேய்களும் இறந்தோர் உயிர்களும் உறையும் புறவுலகங்கள் பதினாறு. இவையெல்லாம் சேர்ந்த அமைப்புப் பிற்காலத்திற் 'பெருஞ்சக்கரம்' எனப் பெயர்பெற்றது.

பதினாறு என்னும் தொகை எவ்வாறு வந்தது என்று வினவுதல் வேண்டும். இவ்வாட்டத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குணநிலை உண்டு. ஒழுங்கு, குழப்பம் என்பது ஓர் எதிர்மை. நன்மை, தீமை என்பது மற்றோர் எதிர்மை. முந்தியது போல் அண்டர்சன், மைக்கேல் மூர்க்கொக் ஆகிய கதையாசிரியர்களிடமிருந்து வந்தது. இரண்டிலும் நடுநிலை ஒன்றை இட்டுப் பெருக்கினால் ஒன்பது குணநிலைகள் பிறக்கும். முற்றிய நடுநிலையை நீக்க எஞ்சுவன எட்டு, அவ்வெட்டின் இடைவெளிகள் எட்டு, ஆகப் பதினாறு. கட்டம் முதலிற் கீறப்பட்டது. உலகம் பின்னர் அதனுள் வைக்கப்பட்டது. வெற்றிடங்களை நிரப்பக் கிரேக்கரின் ஒலிம்பசும் ஹேடிசும், வடபுலத்தாரின் கிளாட்ஸ்ஹைமும், எபிரேயரின் கெஹென்னாவும் ஒரே வரிசையில் அழைத்துவரப்பட்டன. அமெரிக்கத் தொல்குடிகளின் மேல் ஏற்றிக் கூறப்படும் இன்ப வேட்டைக்காடும் அங்கே இடம் பெற்றது. ஒழுங்கு மட்டுமே நிறைந்து நன்மை தீமை இரண்டும் அற்ற மூலைக்கு வந்து சேர்ந்த பெயரோ 'நிர்வாணம்'.

இப்பெயரைக் கண்டு சைவரும் பௌத்தரும் முகஞ்சுளிப்பது இயல்பு. ஆயினும் இங்கே குற்றம் சமய அவமதிப்பு அன்று, படைப்பின் வறுமை. அவிதல் என்னும் பொருளுடைய ஒரு சொல், விளக்கணைந்த நிலையைக் குறிக்கும் ஒரு சொல், போய்ச் சேர்ந்து சுற்றிப் பார்க்கத்தக்க ஓர் ஊரின் பெயராயிற்று. பெயர் தன் பொருளைக் கொண்டுவரவில்லை. இடமும் பெயரிலிருந்து ஒன்றையும் பெறவில்லை. பின்வந்தோர் அவ்வுலகத்தை ஒன்றோடொன்று பற்களாற் பொருந்திச் சுழலும் மாபெருஞ் சக்கரங்களின் வெளியாகவும், கணித உருவங்களையொத்த 'மோட்ரன்' என்னும் சிற்றுயிர்களின் இருப்பிடமாகவும் வகுத்தனர். 1994இல் 'மெக்கானஸ்' என்று பெயரையும் மாற்றினர். அதன்பின்னரே அவ்வுலகம் தன் காலில் நின்றது. இரவற் பெயரை விட்டதும் கட்டமும் காய்க்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று. கட்டத்தையே குறைகூறுவார் இதனை மறத்தலாகாது.

இவ்வாட்டத்தார் பிறவுலகத்துக்கு இட்ட பொதுப்பெயர் 'பிளேன்' என்பது. அது கேத்திர கணிதத்திலே தளம் எனப்படும். ஆவியுலகங்களைத் தளங்கள் என்று சொல்லும் வழக்கு ஆங்கிலத்திற் பெரிதும் பரவியது பிரமஞான சபையாராலே. 1875இல் நியூயோர்க்கில் நிறுவப்பட்டு 1882இற் சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட அச்சபையை இலங்கையர் நன்கறிவர். அதன் தலைவர் ஒல்கொட் 1880இற் காலித் துறையில் வந்திறங்கியவர். இந்திய நூல்களின் உலோகங்களையும் பௌத்த நூல்களின் உலகங்களையும் மேனாட்டார்க்கு விளக்கப் புகுந்த சபையார், ஏழு தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் உள்ளனவென உரைத்தனர். காமலோகம் என்னும் சொல்லைப் பெயர்க்காமலே எடுத்தாண்டனர். ஆட்டத்தில் இன்றும் வழங்கும் 'அஸ்ட்ரல்' தளம் என்னும் பெயர் அவ்வழியாகவே கதைநூல்களுக்கும், அவற்றினின்று ஆட்டங்களுக்கும் வந்தது. எனவே விஸ்கொன்சினில் வரைந்த சக்கரத்துக்கும் கீழைநாட்டு உலகக் கொள்கைக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. வழியிலே நேர்ந்த இழப்புத்தான் கருதற்பாலது. உலோகம் என்பது காண்டல் என்னும் அடிப்பொருளுடையது. காண்பான் இன்றி அச்சொல் இல்லை. தளத்துக்கோ காண்பான் வேண்டியதில்லை. அது கோட்டால் அமைவது.

சைவசித்தாந்தம் இவ்விடத்தில் ஓர் அளவுகோலைத் தருகின்றது. சித்தாந்திகளும் எண்ணுவதிற் சளைத்தவரல்லர்; தத்துவம் 36 என்றும் புவனம் 224 என்றும் வகுத்தவர்கள் கட்டங்களைப் பழித்தற்கு உரியரல்லர். ஆயினும் அவர் புவனத்தைத் தனியே நிறுத்தவில்லை. தனு, கரணம், புவனம், போகம் என நான்கையும் ஒருசேரக் கூறினர். உடம்பும் கருவிகளும் உடைய ஓருயிர் தன் வினைப்பயனை நுகர்தற்கென்றே புவனம் மாயையினின்று தோற்றுவிக்கப்படுகிறது. நுகர்ச்சி இல்லையேற் புவனத்துக்கு வேலையில்லை. ஓர் உலகத்தைப் படைக்க முனைவான், 'இஃது எங்கே உள்ளது' என்று தொடங்குவதற்கு மாறாக, 'இதனுட் புகுவோனுக்கு இஃது என் செய்யும்' என்று தொடங்குவானாயின், அவன் அறிந்தோ அறியாமலோ சித்தாந்தியின் வழியிற் செல்கிறான். கந்தபுராண படனம் கேட்டு வளர்ந்தார்க்கு இது புதிதன்று. அண்டகோசப் படலத்திலே கச்சியப்பர் உலகங்களை அளந்து வைக்கிறார். எனினும் பொன்னுலகத்தின் அருமை கேட்போர் நெஞ்சிற் படுவது அங்கேயன்று. அதனை இழந்த இந்திரன் சீகாழியில் ஒளித்திருந்து நந்தனவனம் வைக்கும் இடத்திலேதான்.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குங்காற் பெருஞ்சக்கரத்தின் குறைகள் தெளிவாகும். ஜெஃப் கிறப் எழுதி 1987இல் வெளிவந்த 'மனுவல் ஒவ் த பிளேன்ஸ்' பிறவுலகங்களுக்கென்றே அமைந்த முழுநூல். அவ்வவ்வுலகில் மூச்சு விடுதல் எவ்வாறு, நடத்தல் எவ்வாறு, மந்திரம் எவ்வாறு திரியும் என்றெல்லாம் அவர் ஆராய்ந்தமை பாராட்டத்தக்கது. தனுவும் கரணமும் அங்கே முதன்முதலாக விரிவாக எண்ணப்பட்டன. ஆனால் சமச்சீர் மேலுள்ள மோகம் அந்நூலிலேயே உச்சமடைந்தது. பூதம் நான்கு, அவை அடுத்தடுத்துக் கலக்குமிடத்துப் புகை, பாறைக்குழம்பு, சேறு, பனிக்கட்டி என நான்கு, ஆக்க ஆற்றலோடு கூடுமிடத்து மின்னல், ஒளி, கனிமம், நீராவி, அழிவாற்றலோடு கூடுமிடத்து வெறுவெளி, சாம்பல், தூசி, உப்பு. முடிவில்லாத உப்பு மட்டுமே உள்ள ஓர் உலகத்தில் யார் என்ன செய்வது? நீரும் அழிவும் கூடினால் உப்பு என்னும் கணக்குச் சரியே. ஆனால் அங்கே செல்வோனுக்கு நாவறட்சியன்றி வேறு நுகர்ச்சியில்லை.

தீயின் உலகம் இவற்றினும் சிறந்து நிற்பதற்குக் காரணம் தீ அன்று. அங்கே ஒரு நகரம் இருப்பது. ஆயிரத்தொரு இரவுகளிற் பாலைவனத்திலே காணப்படும் பித்தளை நகரத்தின் பெயரை எடுத்து, எரிபூதங்களாகிய இஃப்ரீத்துகளின் தலைநகராக்கி, தீயுலகில் வைத்தனர். அங்கே அரசுண்டு, சந்தையுண்டு, அடிமைகள் உண்டு. ஆதலின் பேரம் உண்டு, அச்சமுண்டு, தப்பிச் செல்லும் வழியைத் தேடுதலும் உண்டு.

முடிவிலி என்பது மற்றொரு குறை. புறவுலகம் ஒவ்வொன்றும் எல்லையற்றது என்று கூறப்பட்டது. படுகுழி எனப்படும் பேயுலகத்துக்கு 666 அடுக்குகள் என்றனர். எல்லையில்லாத நிலத்திற் பயணம் என்பதே இல்லை. எத்துணைத் தூரம் நடந்தாலும் மிச்சத்தொலைவு குறையாது. எண்ணிக்கை வியப்பைத் தரலாம். அச்சத்தைத் தருவது அடுத்த அறையின் கதவு.

இவையெல்லாவற்றினும் ஆழமான குறை ஒன்றுண்டு. சுவர்க்கமும் நரகமும் வழிகேட்டுச் சென்று திரும்பத்தக்க ஊர்களாயின், நம்பிக்கைக்கு இடமெங்கே? அங்கே பத்தி புவியியலாகிவிடும். நல்லோன் நன்மை செய்வது நன்மை கருதியா, போய்ச்சேரும் ஊர் தெரிந்தா என்னும் ஐயம் சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. 1978இன் நூல் அதனைக் கவனிக்கவேயில்லை. டேவிட் குக் வகுத்து 1994இல் வெளிவந்த 'பிளேன்ஸ்கேப்' அதனைக் கவனித்தது. அதனாலேயே பழைய சக்கரத்திற் புதிய உயிர் புகுந்தது.

குக் சக்கரத்தை உடைக்கவில்லை. பதினாறு உலகங்களும், நடுநிலைக்கென்று பின்னர் வந்த பதினேழாவதும் அப்படியே நின்றன. அவர் மாற்றியது ஒன்றே: புறவுலகங்களின் நிலம் அங்குள்ளோரின் நம்பிக்கையால் ஆனது என்றார். கொள்கை மாறினால் நிலம் நகரும். இதற்கு அந்நூல்வரிசை தரும் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஆர்க்கேடியா. அது நன்மையும் ஒழுங்கும் கலந்த உலகம். ஹார்மோனியம் என்றொரு கட்சியார் (பெட்டி வாத்தியம் அன்று, இசைவு என்பதே அங்குக் கருத்து) எல்லாரும் ஒரே எண்ணத்தினராயின் உலகில் அமைதி நிலைக்கும் என நம்பி, மாறுபட்டோரைப் பிடித்து வைத்துத் திருத்தும் பாசறைகளை ஆர்க்கேடியாவின் மூன்றாம் அடுக்கில் நிறுவினர். நோக்கம் நன்றே, செயல் வன்முறை. அதன் விளைவாக அவ்வடுக்கு நன்மையை இழந்து, ஒழுங்கு மட்டும் எஞ்ச, முழுதாகப் பெயர்ந்து மெக்கானசின் சக்கரங்களிடையே சென்று வீழ்ந்தது. எவரும் தண்டிக்கவில்லை, தெய்வம் சாபமிடவில்லை. செய்தோர் தம் செயலின் தன்மையுள்ள உலகத்திலே தாமே வாழலாயினர். புவனம் வினைக்குத் தக அமையும் என்பதை இதனினும் நேராக ஒரு விளையாட்டு நூல் சொல்லுதல் கூடுமோ? வலிந்து திருத்தப் புகும் நல்லெண்ணம் எத்தன்மையது என்பதை மேடைப்பேச்சின்றி இக்கதை காட்டுகின்றது.

அவ்வுலகங்களுக்கெல்லாம் நடுவாக அவர் அமைத்த சிகில் என்னும் நகரமும் சிந்திக்கத்தக்கது. அது ஒரு வளையத்தின் உட்புறத்திற் கட்டப்பட்டது. நிமிர்ந்து பார்ப்போனுக்கு வானம் தெரியாது, எதிர்ப்பக்கத்துக் கூரைகளே தெரியும். உள்ளே வரவும் வெளியே செல்லவும் மாய வாயில்களன்றி வழியில்லை. ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு திறவுகோல் உண்டு. அஃது ஒரு பொருளாகவோ சொல்லாகவோ எண்ணமாகவோ இருக்கலாம். முன்னை நூல்களில் ஒரு மந்திரத்தைச் சொன்னமாத்திரத்தில் வேற்றுலகு செல்லலாம். செலவு மிகச் சிறிது. இங்கே வாயிலுக்கு வேண்டியதைத் தேடிக்கொண்டன்றி எவரும் புகார். உலகுக்கும் புகுவோனுக்கும் இடையே ஒரு கடப்பாடு தோன்றிவிடுகிறது. எனினும் பிளேன்ஸ்கேப்பை முற்றும் புகழ்தல் இயலாது. தெருமொழியில் அளவிறந்த பற்று, கட்சிகள் பதினைந்தின் ஓயாத தர்க்கம், எல்லாவற்றையும் கேலியாக நோக்கும் நகரத்து எள்ளல் ஆகியவை சிலவிடத்துப் பேருலகங்களைத் தேநீர்க்கடை வாதமாகச் சுருக்கிவிட்டன.

அக்குறை நீங்கிய வடிவம் கணினியாட்டமாக 1999இல் வெளிவந்த 'பிளேன்ஸ்கேப்: டோர்மென்ற்' என்பதில் உண்டு. கிறிஸ் அவெலோன் அதன் தலைமை ஆக்குநர். அதன் நாயகனுக்குப் பெயரில்லை. சிகில் நகரத்துப் பிணவறை ஒன்றிற் கண்விழிக்கிறான், சாக முடியாதவன், ஆயின் முன்னைய வாழ்வுகளின் நினைவை இழந்தவன். தான் செய்த பெருங்கொடுமைக்குக் கழுவாய் தேட ஓர் ஆயுள் போதாதென்று அஞ்சித் தன் இறப்பையே தன்னிடமிருந்து பிரித்துவைத்தவன் அவன் என்பது பின்னர் தெரியவரும். அவன் சாகவேண்டிய ஒவ்வொரு முறையும் அவனுக்காக வேறொருவர் சாகின்றார். அவ்வாறு இறந்தோரின் நிழல்கள் அவனைத் தொடர்கின்றன. செய்தவன் மறந்துவிட்டான், வினை மறக்கவில்லை. இறுதியில் அவன் தப்ப முயன்ற கீழுலகத்துக்கே செல்கிறான். அது தோல்வியாகப் படுவதில்லை. நரகம் என்பது வரைபடத்தில் ஓர் இடமாயிருந்த நிலை நீங்கி, ஒருவனுக்கு உரியதாய், அவன் ஏற்றுக்கொள்வதாய் ஆன இடம் இதுவே. இவ்வாட்டத்தின் மரபு முழுவதிலும் பிறவுலகம் இத்துணைக் கனம் பெற்ற இடம் வேறில்லை எனலாம்.

2008இல் வந்த நான்காம் பதிப்புச் சக்கரத்தைக் கைவிட்டு, மண்ணுலகின் நிழல்போல அதனையொட்டிக் கிடக்கும் இரண்டு அயலுலகங்களை முன்னிறுத்தியது. 2014இன் ஐந்தாம் பதிப்பு அவ்விரண்டையும் வைத்துக்கொண்டு சக்கரத்தையும் திருப்பி அழைத்தது. இம்மாற்றங்கள் வசதி பற்றியன; கொள்கை பற்றியன அல்ல.

கொள்கை வேறுபாடு காண விரும்புவோர் கீத் பேக்கர் படைத்து 2004இல் வெளிவந்த எபெறன் உலகத்தை நோக்குதல் வேண்டும். அங்கே பிறவுலகங்கள் பதின்மூன்று. அவை ஓரிடத்தில் நிற்பனவல்ல. கோள்களைப்போலச் சுழன்று மண்ணுலகை அணுகியும் அகன்றும் செல்வன. போரின் உலகம் நெருங்கிய காலத்து மாந்தர் சினம் மிகுவர்; பனியுலகம் நெருங்கிய காலத்துக் குளிர் மிகும். சென்றால்தான் உலகம் என்றில்லை. செல்லாதவனையும் அது வந்து தொடுகின்றது. உழவன் ஒருவன் ஆயுள் முழுவதும் தன் ஊரைவிட்டு நீங்காமலே பதின்மூன்று உலகங்களையும் அறியலாம். கனவின் உலகம் ஒன்றுண்டு. உடம்போடு அங்கே செல்லும் வழி பழம்போர் ஒன்றில் அறுந்துபோயிற்று. உறங்குவோர் மட்டும் இரவுதோறும் சென்று மீள்கின்றனர்.

இறந்தோர் உலகமாகிய டோலூரைப் பற்றிப் பேக்கர் செய்தது இன்னும் துணிவானது. அஃது இன்பமும் தண்டனையும் அற்ற சாம்பல் நிறத்து இடம். அங்கே சென்ற உயிர்களின் நினைவு சிறிது சிறிதாகத் தேய்கின்றது. தேய்ந்த பின் என்ன? அழிவே என்பார் ஒருசாரார். அதற்கப்பாலே தெய்வத்தோடு கூடுதல் உண்டென்பார் மற்றொருசாரார். படைத்தவர் விடையைக் கூறாது விட்டுவிட்டார். அவ்வுலகத்துத் தெய்வங்களும் நேரிற் தோன்றுவதில்லை. இதனால் ஆட்டத்திற் பூசகராய்ப் பாத்திரமேற்கும் இளைஞன் ஒருவன், தன் தெய்வம் உண்டென்று அறிந்தவனாக அன்றி, உண்டென்று நம்புகிறவனாக நடிக்க வேண்டியவனாகிறான். பெருஞ்சக்கரத்தில் இல்லாத இவ்விடைவெளியே அங்குச் சமயத்தைச் சமயமாக்குகின்றது. உலகங்களைப் படைப்போர் எதனைச் சொல்வது என்பதில் காட்டும் ஊக்கத்தை எதனைச் சொல்லாது விடுவது என்பதிற் காட்டுவது அருமை. பேக்கர் அந்த அருமைக்கு உரியவர்.

கிறெக் ஸ்டாஃபர்ட் 1966 முதல் வளர்த்த குளோறாந்தா என்னும் உலகம் இவை எல்லாவற்றினின்றும் வேறான நெறியிற் செல்வது. 1978இல் வெளிவந்த 'ரூன்குவெஸ்ற்' ஆட்டத்துக்கு அதுவே களம். அங்கே தெய்வங்களின் உலகம் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. காலம் தொடங்குமுன் நிகழ்ந்த கதையாக இருக்கின்றது. அதனுட் புக விரும்புவோன் சடங்கின் வழியே தன் தெய்வத்தின் கதையைத் தானே நடந்து காட்டுதல் வேண்டும். தெய்வம் பட்ட பாட்டை அவனும் படுவான். வென்று மீள்வானாயின் தன் குடிக்கு ஒரு நலத்தைக் கொணர்வான். வழுவுவானாயின் குடிக்கும் கேடு சூழும். கதை முன்னரே தெரிந்ததாயிற்றே, அதில் வியப்பென்ன என்று வினவுவோர் விடியவிடிய நாட்டுக்கூத்துப் பார்த்தவராயின் விடையைத் தாமே அறிவர். 1999இல் வந்த 'கிங் ஒவ் டிராகன் பாஸ்' என்னும் கணினியாட்டம் இதனை ஒரு தேர்வாகவே அமைத்துவிட்டது: குடித்தலைவராய் ஆடுவோர் தம் குடியின் புராணங்களை முன்னரே படித்து மனத்திற் கொண்டிருத்தல் வேண்டும், படியாது புகுந்தவர், கதையின் இன்ன இடத்திற் தெய்வம் என்ன செய்தது என்று தெரியாமற் தடுமாறி, அனுப்பிய வீரனை இழந்து நிற்பர்.